கோச் இல்லையா? நோட்டுப் புத்தகமே வாத்தியார்!
டேபிள் டென்னிஸ் பழக 5 படிகள்

ஆரணி என்றால் பட்டு. தறிக்கு வந்த முதல் நாளே யாரும் கோர்வைச் சேலை நெய்துவிட முடியாது. முதலில் தார் சுற்றணும். பிறகு உடல். அப்புறம்தான் கரை, புட்டா, முந்தானை எல்லாம்.

டேபிள் டென்னிசும் அப்படித்தான்! ஆனால் நம்ம ஊர்ப் பையன்கள் என்ன செய்கிறார்கள்? மேஜையைக் கண்டதும், "வா மச்சான், ஒரு கேம்!" அவ்வளவுதான். தினமும் பத்து கேம். வருஷம் ஓடுகிறது, ஆட்டம் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. மாவட்டப் போட்டிக்குப் போனால் முதல் சுற்றிலேயே மூட்டை கட்ட வேண்டியதுதான்!

"கோச் இல்லையே சார்!" என்பார்கள். நியாயம்தான். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் 3 தங்கம் வென்ற சென்னை வீரர் சரத் கமலுக்கு அப்பா சீனிவாசராவும், அவர் சகோதரர் முரளிதரராவுமே வாத்தியார்கள். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்குமா?

வாய்க்காதவர்களுக்கும் வழி உண்டு. ஒரு கூட்டாளி, ஒரு நோட்டு, தினம் ஒரு மணி நேரம் போதும்.

ஒரு படிக்கு ஒரே மாற்றம்!

முதல் படி: மூலைக்கு மூலை போர்ஹேண்டு மட்டும். வேகம் வேண்டாம். தவறாமல் 20 பந்து.

இரண்டு: அதே அடி. பந்து மட்டும் ஒரு தடவை மூலைக்கு, ஒரு தடவை நடுவுக்கு. இப்போது கால் வேலை செய்யும்.

மூன்று: பேக்ஹேண்டு மூலையில் ஒரு பேக்ஹேண்டு, அதே மூலையில் நகர்ந்து நின்று ஒரு போர்ஹேண்டு, உடனே மறுகோடிக்கு ஓடி இன்னொரு போர்ஹேண்டு. மேஜை அகலம் 152.5 செ.மீ.தான். ஆனால் பத்தே நிமிஷத்தில் வேர்த்துக் கொட்டும்!

இதற்கு 'பால்கன்பெர்க்' பயிற்சி என்று பெயர். அது சுவீடனில் உள்ள ஓர் ஊர். ஆரணியைவிடச் சின்ன ஊர்! 1971-ல் உலக சாம்பியனான ஸ்டெல்லன் பெங்ட்சன் அங்கே வளர்ந்தவர்தான்.

நான்கு: இரண்டு பந்து சொன்ன இடத்தில். மூன்றாவது பந்தை கூட்டாளி இஷ்டப்பட்ட இடத்தில் போடலாம்.

ஐந்து: சர்வீசில் தொடங்கி பாயிண்ட் ஆட்டம். 8-8 என்று வைத்துக்கொண்டு ஆடுங்கள். படபடப்பும் பழகிவிடும்.

பத்துக்கு ஏழு!

எப்போது அடுத்த படி? பத்து முயற்சியில் ஏழு தேறினால் மேலே. ஐந்துக்குக் கீழே போனால் ஒரு படி இறங்குங்கள். வெட்கம் வேண்டாம்! தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள்.

கூட்டாளி வரவில்லையா? மேஜையில் ஒரு காகிதத்தை வைத்து, அதன்மேல் விழும்படி 50 சர்வீஸ். பந்தை 16 செ.மீ.யாவது மேலே எறிய வேண்டும் என்பது விதி. மறக்கக்கூடாது.

ஒரு எச்சரிக்கை!

தறி அச்சில் ஓர் இழை தவறிக் கோத்தால் சேலை நெடுகக் கோடு விழும். தப்பான அடியும் அப்படியே. ஆயிரம் தடவை அடித்தால் அதுவே நிலைத்துவிடும். அதனால் வாரம் ஒரு நாள் செல்போனை ஸ்டூலில் சாய்த்து வைத்துப் படம் பிடியுங்கள். நல்ல ஆட்டக்காரர் அடிக்கும் படத்தோடு ஒப்பிடுங்கள். உங்கள் தப்பு உங்களுக்கே தெரியும்!