பழந்துணியில் ஒரு பொதுமனிதர்

ஆர். கே. லட்சுமண் 1951-ஆம் ஆண்டு முதல் ‘டைம்ஸ் ஆப் இந்தியா’ நாளிதழில் தீட்டிய கேலிச்சித்திரங்களில் முதியவர் ஒருவர் தோன்றுவார். வழுக்கைத் தலை, காதோரம் சிலிர்த்த நரைமயிர், மீசை, மூக்குக்கண்ணாடி, கட்டம் போட்ட மேற்சட்டை, வேட்டி ஆகியவை அவர்தம் அடையாளங்கள். ‘பொதுமனிதர்’ எனப்படும் இவரினும் மாறுவேடப் போட்டிக்கு ஏற்றவர் அரியர். இவரே எளிய உடையினர் அல்லரோ!

கிழிந்த கட்டம் போட்ட லுங்கியை வெட்டி, பழைய முழுக்கைச் சட்டையின்மேல் தைத்தால் மேற்சட்டை ஆயிற்று. பொத்தான்களை மாட்டாமல் விடுக. மளிகைக்கடை அட்டைப்பெட்டியை வெட்டி மூக்குக்கண்ணாடிச் சட்டம் செய்க. பழைய தலையணைப் பஞ்சை அதன் இருபுறக் கைகளிலும் நூலால் கட்டினால் அதுவே காதோர நரைமயிர். மூக்குப்பகுதியின் கீழே சிறிது பஞ்சைத் தொங்கவிட்டால் மீசை. முகத்தில் பசை தடவ வேண்டுவதில்லை. வழுக்கைக்கு, வெளிர்நிறப் பனியன் துணியைத் தலையில் இறுகக் கட்டுக.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அடுத்து வாழும் மாணவர், ஆலைகள் கழித்த சாக்கையும் பஞ்சையும் எடுக்க விழைதல் கூடும். அவற்றைத் தொடலாகாது. இரசாயனம் படிந்த சாக்கு தோலைப் புண்படுத்தும். எண்ணெய் ஊறிய பஞ்சு எளிதில் தீப்பற்றும். வீட்டுப் பழந்துணியே போதும்.

லட்சுமணின் முதியவர் அனைத்தையும் பார்ப்பார், வாய் திறவார். ஆதலின், மனப்பாடம் செய்யவேண்டிய வசனம் ஏதும் இல்லை.