பிரௌசருக்கு ஏன் இத்தனை பசி?

செம்பூர், மாட்டுங்கா, டோம்பிவிலி என்று எங்கே போனாலும் நம்மவர் வீடுகளில் ஒரே புகார்தான்: "கம்ப்யூட்டர் நகரவே மாட்டேங்குது சார்!" பெரும்பாலும் அது 2020-ல் ஆன்லைன் வகுப்புக்காக அவசரமாக வாங்கிய 4 ஜிபி லேப்டாப்பாக இருக்கும். கடைக்காரர் சொல்லும் வைத்தியமும் ஒன்றே: புதிது வாங்குங்கள்.

எங்கள் கட்டடத்தில் ஒரு குடும்பம் ஊருக்குப் போக வைத்திருந்த பணத்தையே இதற்காக எடுக்கத் துணிந்துவிட்டது. பெண்ணுக்கு சி.ஏ. பரீட்சை நெருங்குகிறது; பாடத்தின் நடுவே திரை அப்படியே நின்றுவிடுகிறது. போய்ப் பார்த்தேன். குரோமில் முப்பத்தேழு டேப்கள்! "எதையும் மூடிடாதீங்க மாமா, எல்லாமே வேணும்" என்றாள். படிக்கிற பிள்ளை, அவள் சொல்வதும் நியாயம்தானே?

2008-ல் வந்த குரோம், திறக்கும் பக்கங்களைத் தனித்தனியே பிரித்து ஓட்டுகிறது. கூட்டுக் குடும்பத்தைத் தனிக்குடித்தனம் வைத்த மாதிரி. ஒரு பக்கம் படுத்தாலும் மற்றவை பிழைக்கும். ஆனால் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி அடுப்பு, தனிப் பாத்திரம் வேண்டுமே! 2018-ல் ஸ்பெக்டர் என்ற பிராசஸர் ஓட்டை வெளியான பிறகு, ஒரு தளத்தின் ரகசியம் மற்றொன்றின் கையில் சிக்காதிருக்க இந்தப் பாகப்பிரிவினையை இன்னும் கடுமையாக்கினார்கள். பாங்குக் கணக்கு பார்க்கும் நமக்கு அது பாதுகாப்பு. பிரௌசரைத் திட்டிப் பயனில்லை. ராம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்கில் கொண்டுபோய் வைக்கும். இந்த லேப்டாப்பில் இருந்ததோ பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். வைத்ததைத் தேடி எடுத்து வருவதற்குள் வகுப்பில் இரண்டு கணக்கு முடிந்துவிடும்.

குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால், எந்தப் பக்கம் எவ்வளவு மெமரி தின்கிறது என்ற பட்டியல் வரும். அதில் யாரும் பயன்படுத்தாத மூன்று எக்ஸ்டென்ஷன்கள் வாடகை இல்லாமல் குடியிருந்தன. முதலில் அவற்றைக் காலி செய்தோம். பிறகு செட்டிங்ஸில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதிக்குப் போய் 'மெமரி சேவர்' வசதியை இயக்கினேன். நெடுநேரம் பார்க்காத டேப்களை இது தூங்கவைக்கும். டேப் இடத்திலேயே இருக்கும். தொட்டால் பக்கம் மறுபடி ஏறிவிடும். பாதி நிரப்பிய படிவத்தையும் பாட்டு ஓடும் பக்கத்தையும் தொடாது. வகுப்பு நடக்கும் தளத்தை மட்டும் எப்போதும் விழித்திருக்கும் பட்டியலில் சேர்த்தேன். அன்று மாலை வகுப்பு தடங்கலின்றி முடிந்தது. டிக்கெட் பணமும் தப்பியது.

எட்ஜ் பிரௌசரிலும் 'ஸ்லீப்பிங் டேப்ஸ்' என்று இதே வசதி உண்டு. ஆனால் 'மெமரியைச் சுத்தம் செய்கிறேன்' என்று இலவசமாக வரும் புரோகிராம்களை வீட்டுக்குள் விடாதீர்கள். அவையும் அதே ராமில்தான் உட்கார வேண்டும்.

இவ்வளவு செய்தும் போதவில்லையென்றால் இன்னொரு 4 ஜிபி ராம் போடலாம். புது லேப்டாப்பைவிட எவ்வளவோ மலிவு. சில மாடல்களில் ராமைப் பலகையோடு பற்றவைத்திருப்பார்கள், சேர்க்க இடமிராது. பணம் கொடுக்குமுன் பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.