விழுந்தால் சைக்கிள், விழாவிட்டால்?

பாம்பன் பாலத்தை ரயில் கடக்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்ப்பவர்களுக்கு வேறு எந்தக் கவலையும் ஞாபகத்துக்கு வராது. எனக்கும் வரவில்லை. ராமேசுவரத்தில் இறங்கி, பஸ் பிடித்துத் தங்கச்சிமடம் போய், மதினி வீட்டுத் திண்ணையில் கால் வைத்த பிறகுதான் கவலை வந்தது.

"நல்ல வேளை வந்தீங்க தம்பி! முதல்லே இதைப் பாருங்க" என்று மதினி ஒரு காகிதத்தை நீட்டினார்.

அச்சுக்கூடத்திலிருந்து திருத்தம் பார்க்க வந்திருந்த தாள் அது. 'மாபெரும் அதிர்ஷ்டக் குலுக்கல்! முதல் பரிசு சைக்கிள்! இரண்டாம் பரிசு மிக்ஸி! சீட்டு விலை ரூ.20.' மகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் புத்தக அலமாரி வாங்க வேண்டுமாம். ஐந்நூறு சீட்டு, இருபத்தைந்து பிள்ளைகள், தலைக்கு இருபது. கணக்குக் கச்சிதமாக இருந்தது.

"யோசனை யாருடையது, மதினி?"

"லண்டனிலே இருக்கிற என் தங்கச்சிதான் சொன்னா. அங்கே பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் இப்படித்தானாமே!"

வாஸ்தவம். பிரிட்டனில் பள்ளிக்கூடத்துச் சங்கங்கள் உள்ளூர் நகராட்சியில் பதிவு செய்துகொண்டு இப்படிச் சீட்டு விற்கலாம். 2005-ஆம் வருஷச் சட்டப்படி, வசூலில் குறைந்தது 20 சதவீதமாவது நற்காரியத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஆனால் லண்டன் வேறு, தங்கச்சிமடம் வேறு. 1968-ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது நமது மாநில அரசே பரிசுச் சீட்டு நடத்தியது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற வாசகத்தை வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் இன்றும் சொல்வார்கள். கூலிப் பணத்தைச் சீட்டிலே கொட்டிக் குடும்பங்கள் தெருவுக்கு வந்த கதையையும் கூடவே சொல்வார்கள். 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரி அடியோடு தடை செய்யப்பட்டது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 297-ஆவது பிரிவும், அரசு அனுமதி இல்லாத குலுக்கலைக் குற்றம் என்றே சொல்கிறது. பள்ளிக்கூடத்துக்காக என்றாலும் தப்பு தப்புதான்.

மதினியின் முகம் வாடிவிட்டது. "நல்ல காரியத்துக்குத்தானே தம்பி?" என்றார்.

ரூபாய்க்கு எத்தனை காசு?

"சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், மதினி. கணக்கைப் பார்ப்போம்" என்று பென்சிலை எடுத்தேன்.

ஐந்நூறு சீட்டும் விற்றால் ரூ.10,000. சைக்கிளுக்கு 5,000, மிக்ஸிக்கு 1,500, அச்சுக்கூலி 500 என்று வைத்துக்கொண்டால் செலவு 7,000. அலமாரிக்கு மிஞ்சுவது 3,000. அதாவது ரூபாய்க்கு முப்பது காசு! நூறு சீட்டு விற்காமல் திரும்பி வந்தால் வசூல் 8,000. செலவோ அதே 7,000. மிச்சம் ஆயிரம் ரூபாய்தான். சீட்டு வாங்கிய புண்ணியவான்கள் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்ததாக நினைப்பார்கள். பெரும்பங்கு போவது சைக்கிள் கடைக்கு!

இதையெல்லாம்விட எனக்கு உறுத்தியது 'தலைக்கு இருபது' என்ற வார்த்தை.

நான் ஆறாவது படித்தபோது எங்கள் கையிலும் ஆளுக்கொரு சீட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். பத்துச் சீட்டில் நாலை எப்படியோ தெருவில் விற்றுவிட்டேன். மீதி ஆறையும் அப்பா வாய் பேசாமல் வாங்கிக்கொண்டார். சம்பளத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. என் பக்கத்தில் உட்காரும் பையனின் அப்பா படகுக்குப் போகிறவர். அது மீன்பிடித் தடைக் காலம். விற்காத புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வெட்கப்பட்டு அவன் மூன்று நாள் பள்ளிக்கே வரவில்லை. சைக்கிள் யாருக்கு விழுந்தது என்பது எனக்கு மறந்துவிட்டது. அந்த மூன்று நாள் மறக்கவில்லை.

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த மதினியின் மகள் மெள்ள எட்டிப் பார்த்தாள். "அப்போ நான் இருபது சீட்டு விற்க வேண்டாமா, சித்தப்பா?" என்றாள். குழந்தை எத்தனை நாளாக இந்தக் கவலையைச் சுமந்தாளோ!

பரிசு இல்லாத சீட்டு

"அப்படியானால் அலமாரி?" என்றார் மதினி. நியாயமான கேள்வி.

காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு முயற்சியில் 1958-லிருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பள்ளிக்கு என்ன தேவை என்று பட்டியல் போட்டு ஊர்க்காரர்களிடம் சொன்னார்கள். பெஞ்சியும் மேஜையும் கடிகாரமும் தேடி வந்தன. எந்தச் சைக்கிளையும் காட்டி ஆசையூட்டவில்லை.

சீட்டு விற்றே தீர வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. தை மாதம் பள்ளியில் ஒரு பலகாரக் கடை போடலாம். கருப்பட்டிப் பணியாரத்துக்கும், அவித்த பனங்கிழங்குக்கும், வறுத்த மீனுக்கும் சீட்டு. காசு கொடுத்தவர் எல்லோருக்கும் கையில் ஒரு பண்டம். அதிர்ஷ்டத்துக்கு வேலை இல்லை. சாமான்களை ஆளுக்குக் கொஞ்சமாக வீடுகளில் கொடுத்துவிட்டால் வசூல் அநேகமாக முழுசாக நிற்கும்.

சகோதரிகள் சில விஷயங்களில் கண்டிப்பாக இருக்க வேண்டும். தலைமையாசிரியருக்குத் தெரிவித்து, பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் எழுதுங்கள். 2009-ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். ஆகவே கூச்சப்பட வேண்டியதில்லை. ஒவ்வொரு சீட்டுக்கும் எண்ணும் அடிக்கட்டையும் இருக்கட்டும். யாரிடம் எந்த எண் போயிற்று என்று நோட்டில் ஏறட்டும். பணத்தை ஒருவர் வாங்கினால், கணக்கை இன்னொருவர் எழுதட்டும். விற்காத சீட்டைக் கேள்வி கேட்காமல் திருப்பி வாங்குங்கள். பெரியவர்களே விற்கட்டும், பிள்ளைகள் பாட்டுப் பாடட்டும். மறுநாளே வரவு செலவைப் பள்ளி வாசலில் ஒட்டிவிடுங்கள். இந்தக் கரையில் இன்னொன்றும் முக்கியம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாட்களில் எந்த வீட்டு வாசலிலும் சீட்டோடு போய் நிற்காதீர்கள்.

மதினி சற்று நேரம் யோசித்தார். பிறகு என் பென்சிலை வாங்கி, தாளில் 'அதிர்ஷ்டக் குலுக்கல்' என்றிருந்ததை அழுத்தமாக அடித்துவிட்டு, மேலே 'கருப்பட்டிப் பணியாரம்' என்று எழுதினார்.

"இது எல்லாருக்கும் விழும் தம்பி" என்றார்.