பிளாஸ்டிக்கிலும் குடியேறுவார்!

'மரத்தைத்தானே அரிக்கும்? பிளாஸ்டிக் குழாய் போட்டா ஆச்சு!' என்று கடலடியில் குழாய் பதித்தவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். வந்து சேர்ந்தார் மார்ட்டீசியா ஸ்ட்ரையாட்டா!

ஆசாமி சின்னச் சிப்பிதான். ஓட்டின் முன்பக்கம் அரம் மாதிரி பற்கள். இப்படியும் அப்படியும் திருப்பிச் சுரண்டியே ஓட்டை போட்டுவிடுவார். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் குழாய்களையே துளைத்திருக்கிறார் என்கிறது 2003-ல் வெளியான ஓர் ஆய்வு.

பிளாஸ்டிக்கில் என்ன ருசி என்கிறீர்களா? தின்ன இல்லை சார், குடியிருக்க! அட்வான்ஸ், வாடகை கிடையாது. சாப்பாடு கடல்நீரிலேயே மிதந்து வரும். குஞ்சாக நுழைந்து உள்ளேயே வளர்வதால், வெளியே தெரிவது சின்னத் துவாரம். உள்ளே அகலமான குகை. வந்த வழியே திரும்ப முடியாது, ஆயுள் தண்டனை! குழாய் ஒழுகும்போதுதான் நமக்கு விஷயமே தெரியும்.

தப்பிக்க வழி? குழாயை மண்ணுக்குள் ஆழமாகப் புதைத்துவிடுவது. கடல்நீர் ஓட்டமில்லாத இடத்தில் இவர் ஜம்பம் சாயாது!