குடைந்த பாறையும் குறிசொல்பவரும்

கடுகண்ணாவையில் குடைந்த பாறையைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு ஒரு கணக்கு உதைக்கும். அந்நியர் மலையைத் துளைத்தால்தான் கண்டி வீழும் என்றொரு வாக்கு இருந்ததாம். கண்டி வீழ்ந்தது 1815இல். கப்டன் டோசனின் பாதை வெட்டப்பட்டது 1820களில். ஆனாலும் வாக்குப் பலித்தது என்றே சொல்கிறோம்.

இந்தப் பின்கணக்கை நன்கறிந்தவர்கள் பொழுதுபோக்கு மஜிக்காரர்கள். இலண்டன் மஜிக் சேர்க்கிள் 1905இல் தொடங்கியது. இலங்கையிலும் அப்படியொரு சங்கம் உண்டு. ஒருவர் வித்தை காட்ட, கை எங்கே தடுமாறியது, பார்ப்பவரின் கண் எங்கே போனது என்று மற்றவர்கள் அலசுவார்கள். இரகசியம் வெளியே போகக்கூடாது.

யாழ்ப்பாணத்தில் படிப்பித்த ஆபிரகாம் கோவூர் மறுபக்கம் நின்றார். மோசடிக்கு இடமில்லாமல் அற்புதம் காட்டுபவருக்கு ஒரு இலட்சம் ரூபா என்று 1963இல் அறிவித்தார். 1978இல் இறக்கும்வரை அந்தக் காசு அவரிடமே இருந்தது.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காகச் சாத்திரம் கேட்கப்போகும் அம்மாமாரை நாம் அறிவோம். "தண்ணீர் தெரியுது, உயிரோடதான் இருக்கிறார்" என்பார் குறிசொல்பவர். எந்த ஊரில் தண்ணீர் இல்லை? மிச்சத்தை அம்மாவே சொல்லிவிடுவார். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போனால் நீங்களாக எதையும் சொல்லாதீர்கள். தேடுவது மகனையா மகளையா என்பதைக்கூட.