பிள்ளைகளோடு பினாங்குக்குப் போகிறீர்களா?



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தோட்டத்துப் பிள்ளைகளின் வாயில் ஒரே பேச்சுத்தான்: "அப்பா, பினாங்குக்குப் போவோம், பெர்ரியில ஏறுவோம்!" கெடாவிலும் செபராங் பிறையிலும் வட பேராக்கிலும் உள்ள நம் குடும்பங்களுக்குப் பினாங்கு தூரத்து ஊர் அல்ல. தைப்பூசத்துக்கும் தீபாவளித் துணிமணிக்கும் காலங்காலமாகப் போய்வந்த ஊர். மாதமெல்லாம் பாடுபட்டு மிச்சம் பிடித்த காசில் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் ஊர் காட்டுவது நியாயமான ஆசை. அதைத் தடுப்பதற்காக நான் இதை எழுதவில்லை. சிரித்துக்கொண்டு போன பிள்ளை சிரித்துக்கொண்டே வீடு திரும்ப வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

தோட்ட மருந்தகத்தில் நான் வேலை பார்த்த காலத்தில், ஓய்வு நாளுக்கு மறுநாள் விடியற்காலை, பெரட்டுக்கு முன்பே ஒரு தாய் தன் இரண்டு வயது மகனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். முந்தின நாள் ஒரே நாளில் கோயில், மலை, கடற்கரை, கடைத்தெரு எல்லாம் சுற்றியிருக்கிறார்கள். பிள்ளைக்கு மத்தியானத் தூக்கம் இல்லை. வெயிலில் ஐஸ் தண்ணீர் மட்டும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். இரவு வீட்டுக்கு வந்ததும் வாந்தி, பேதி.

"எத்தனை தடவை போச்சு?" என்று கேட்டேன்.

"எண்ணலைங்க ஐயா."

"தண்ணி குடுத்தீங்களா?"

"குடுத்தா இன்னும் போவும்னு பாட்டி சொன்னாங்க. அதான் குடுக்கல."

பிள்ளை அழுதான், கண்ணில் நீர் வரவில்லை. கண்கள் குழி விழுந்து கிடந்தன. உப்புக் கரைசலை ஸ்பூனால் புகட்டிக்கொண்டே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். பிழைத்துக்கொண்டான். இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் நிலைமை வேறு.

அந்தத் தாய் அக்கறை இல்லாதவர் அல்லர். ஆனால் அந்தக் குடும்பம் இரண்டு தவறுகளைச் செய்துவிட்டது. பயணத்தைப் பெரியவர்களின் காலுக்கு அளந்தது ஒன்று. பேதிக்குத் தண்ணீரை நிறுத்தியது மற்றொன்று. குடும்பத்திலேயே சின்னப் பிள்ளை எவ்வளவு தாங்குமோ, அவ்வளவுதான் பயணம். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு திட்டம் போட்டால் மற்றவை தானாக ஒழுங்காகும்.

புறப்படும் முன்

ஒரு வாரத்துக்கு முன்பே பிள்ளைகளின் தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். விட்டுப்போன ஊசி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். கூட்டமுள்ள இடத்தில் தட்டம்மை எளிதில் தொற்றும். காய்ச்சலோ பேதியோ உள்ள பிள்ளையை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். பினாங்கு எங்கும் ஓடிவிடாது. அடுத்த மாதம் போகலாம்.

ஒரு சின்னப் பையில் இவற்றைத் தனியாக வையுங்கள்: உப்புக் கரைசல் பொட்டலம் நாலைந்து, பாரசிட்டமோல் மருந்து, பஞ்சு, பிளாஸ்திரி, சவர்க்காரம், ஒரு ஸ்பூன், மாற்று உடை, பிளாஸ்டிக் பை. பாரசிட்டமோல் அளவு பிள்ளையின் எடையைப் பொறுத்தது. டிரெசரிடம் எடை பார்த்து, எத்தனை மில்லி என்று போத்தலிலேயே எழுதி வாங்குங்கள். இளைப்பு உள்ள பிள்ளைக்கு மூச்சு மருந்தை மறக்கவே கூடாது. பிள்ளைகளின் மைகிட் அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் முதலில் கேட்பது அதைத்தான்.

எந்த நாள், எந்த வழி?

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்கிலோ சனியும் ஞாயிறும். ஆகவே கெடாத் தோழர்கள் வெள்ளிக்கிழமை காலையில் போய்ச் சேர்ந்தால் எங்கும் வரிசை குறைவாக இருக்கும். பிள்ளைகள் வெயிலில் காத்து நிற்க வேண்டியதில்லை.

சிலர் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று நால்வரும் ஒரே மோட்டார் சைக்கிளில் பாலம் ஏறுகிறார்கள். 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர். கடற்காற்றில் பெரியவருக்கே கை ஆடும். தூங்கி விழும் பிள்ளை என்ன செய்யும்? தயவுசெய்து வேண்டாம். சுங்கைப்பட்டாணி, நிபோங் திபால், பாரிட் புந்தார், தைப்பிங் ஆகிய ஊர்களிலிருந்து கொமுட்டர் ரயில் பட்டர்வொர்த்துக்கு வருகிறது. ரயில் நிலையம், பஸ் நிலையம், படகுத்துறை மூன்றும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் உள்ளன.

பஸ்ஸில் வாந்தி எடுக்கும் பிள்ளையை முன்பக்கத்தில், சன்னலோரம் உட்கார வையுங்கள். வெறும் வயிறும் ஆகாது, முட்டச் சாப்பிட்ட வயிறும் ஆகாது. இரண்டு இட்லி போதும். கைப்பேசியைக் கையில் கொடுத்தால் வாந்தி அதிகமாகும்.

படகுத்துறையில் கை விடாதீர்கள்

பழைய நினைவில் காடியோடு பெர்ரியில் ஏறலாம் என்று போகாதீர்கள். 2021 முதல் காடிகளை ஏற்றுவதில்லை. இப்போதுள்ள படகுகள் ஆட்களுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மட்டுமே.

1988 ஜூலை 31ஆம் நாளை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திருவிழாக் கூட்டம் நெருக்கியடித்து நின்றபோது பட்டர்வொர்த் படகுத்துறையின் நடைமேடை இடிந்து விழுந்து 32 பேர் மாண்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். பிள்ளைகளைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கூட்டம் நெரிந்தால் முண்டியடிக்காமல் ஓரமாக ஒதுங்கி, அடுத்த படகில் போவோம். அரை மணி நேரம் போனால் போகட்டும்.

ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும்

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நடுவில், பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை, நிழலும் சாப்பாடும் தூக்கமும். இதுதான் பிள்ளைகளுக்கு ஏற்ற கணக்கு.

முதல் நாள் காலையில் குவீன் தெருவில் உள்ள மகா மாரியம்மன் கோயிலுக்குப் போகலாம். 1833இல் எழுந்த கோயில் அது. அதையொட்டியே நம்மவர் கடைத்தெரு. பிள்ளைக்கு ஒரு சட்டை, வீட்டுக்கு மசாலைத் தூள் வாங்கிக்கொண்டு, வெயில் ஏறுமுன் தங்குமிடம் திரும்பிவிடலாம். மாலையில் கோட்டைப் பக்கம் கடலோரத் திடலில் பிள்ளைகளை ஓடவிடுங்கள். காசு செலவில்லை; காற்றும் நன்றாக வரும்.

மறுநாள் காலை கொடிமலை. 833 மீட்டர் உயரம். கீழே இருப்பதைவிட ஐந்து பாகை அளவுக்குக் குளிராக இருக்கும். கைக்குழந்தைக்கு ஒரு கம்பளிச் சட்டை கொண்டு போங்கள். மலை ரயில் ஏறும்போது காது அடைக்கும். பெரிய பிள்ளைக்கு ஒரு மிட்டாய், கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தால், விழுங்க விழுங்கக் காது திறந்துவிடும். மைகாட் காட்டினால் நம் நாட்டவருக்குக் கட்டணம் குறைவு.

அன்று மாலை வேறெதுவும் வேண்டாம். வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் புறப்படுங்கள். மறுநாள் காலை பெரியவருக்குப் பெரட்டு; பிள்ளைக்கும் ஓய்வு வேண்டும்.

வெயிலும் தண்ணீரும்

பிள்ளைகள் விளையாட்டு மும்முரத்தில் தாகத்தை மறந்துவிடுவார்கள். கேட்கும்வரை காத்திராமல், அரை மணிக்கு ஒருமுறை நாலு வாய் தண்ணீர் கொடுங்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைப் போத்தலில் வீட்டிலிருந்தே கொண்டு போகலாம். சீனி கலந்த வண்ணத் தண்ணீர், தாகம் தீர்க்கும் தண்ணீர் ஆகாது.

சிறுநீரைப் பாருங்கள். வெளிறிய மஞ்சளாக இருந்தால் நல்லது. தே-ஓ நிறத்தில் போனால் தண்ணீர் போதவில்லை. பிள்ளை தலைவலி, மயக்கம் என்றால் நிழலில் படுக்க வைத்து, உடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து, நீர் கொடுங்கள். உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சுக் குழறினாலோ நினைவு தப்பினாலோ அது வெப்பத் தாக்கு. வாயில் எதுவும் ஊற்றாமல், உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். "தூங்குறான், எழுப்ப வேணாம்" என்று பிள்ளையைப் பூட்டிய காடிக்குள் ஒரு நிமிடமும் விடாதீர்கள்.

ஒட்டுக்கடைச் சாப்பாடு

பினாங்குக்குப் போய்விட்டு நாசி கண்டாரும் மீ கோரேங்கும் பசம்பூரும் சாப்பிடாமல் வருவது யார்? சாப்பிடுங்கள். ஆனால் கண்ணெதிரே சூடாகச் சமைத்ததாக இருக்கட்டும். காலையில் சமைத்து மாலைவரை ஆறிக்கிடந்த குழம்பு, ஈ மொய்த்த பலகாரம், வெட்டி வைத்த பழம் ஆகியவை பிள்ளைகளுக்கு ஆகாது. 2018 அக்டோபரில் பாலிங் வட்டாரத்தில் லக்சா சாப்பிட்டுப் பலர் நோயுற்று, உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. தெரிந்த உணவுதான், கிருமி புகுந்தால் நஞ்சு. சாப்பிடுமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலைவிடப் பத்திரமான உணவு எந்த நகரத்திலும் இல்லை.

பேதி வந்தால்

தண்ணீரை நிறுத்தாதீர்கள்! பேதியில் பிள்ளையைக் கொல்வது உடம்பிலிருந்து நீரும் உப்பும் வெளியேறிவிடுவதுதான். போனதைத் திருப்பி ஊற்றுவதே முதல் மருந்து. உப்புக் கரைசல் பொட்டலத்தை அதில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் கலக்குங்கள். பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தேக்கரண்டியால் தலைதட்டிய ஆறு கரண்டி சீனி, அரைக் கரண்டி உப்பு. அளவு கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

இரண்டு வயதுக்குக் கீழே என்றால் ஒவ்வொரு பேதிக்கும் கால் முதல் அரை கிளாஸ். அதற்கு மேல் அரை முதல் ஒரு கிளாஸ். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாக மறுபடி கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கஞ்சியும் கொடுக்கலாம். பேதியைக் கட்டும் பெரியவர் மாத்திரையைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

கண் குழி விழுந்தால், அழுதும் கண்ணீர் வராவிட்டால், ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், பேதியில் இரத்தம் கண்டால், பிள்ளை துவண்டு கிடந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ரெசிடென்சி சாலையில் பினாங்குப் பெரிய மருத்துவமனை இருக்கிறது. அக்கரையில் செபராங் ஜெயா மருத்துவமனை இருக்கிறது. அவசரத்துக்கு 999. நம் நாட்டுக் குடிமக்களுக்கு அரசாங்க மருத்துவமனையில் வெளிநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளிதான். காசில்லையே என்று தயங்க வேண்டாம்.

தைப்பூசத்துக்குப் போகிறவர்களுக்கு

வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் மலைமலையாகத் தேங்காய் உடைப்பார்கள். சிதறிக் கிடக்கும் ஓடு கத்தி மாதிரி. பிள்ளைகளின் காலில் சிலிப்பர் இருக்கட்டும். வெட்டுப்பட்டால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஏற்புநோய் ஊசி தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முருகன் சந்நிதிக்கு ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். கைக்குழந்தையோடு நடு மத்தியானத்தில் ஏற வேண்டாம், விடியலில் ஏறுங்கள்.

பிள்ளை தொலைந்துபோவதும் இந்தக் கூட்டத்தில்தான். பெயரையும் உங்கள் கைப்பேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதிச் சட்டையின் உட்பையில் வைத்துத் தையுங்கள். காலையில் புறப்படும்போதே பிள்ளையைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால், என்ன சட்டை போட்டிருந்தான் என்று தடுமாற வேண்டியதில்லை. "அம்மாவைக் காணோம்னா ஓடாதே, நின்ன இடத்துல நில்லு, போலீஸ்காரர்கிட்ட, இல்லைன்னா பிள்ளை வச்சிருக்கிற அம்மாகிட்ட சொல்லு" என்று வீட்டிலேயே சொல்லிப் பழக்குங்கள்.

குரங்கும் நாயும்

தண்ணீர்மலைக்குப் பக்கத்தில் தாவரத் தோட்டத்தில் குரங்குகள் உண்டு. கையில் தின்பண்டம் கண்டால் பாய்ந்து பிடுங்கும். தீனி போடவும் கூடாது, தின்றுகொண்டே நடக்கவும் கூடாது. 2015இல் பினாங்கு, கெடா, பெர்லிசில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது. குரங்கோ நாயோ கடித்தால், பிறாண்டினால், பதினைந்து நிமிடம் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள், காப்பித்தூள் அப்ப வேண்டாம்.

வீடு திரும்பிய பின்

பத்து நாள் வரை பிள்ளையைக் கவனியுங்கள். விடாத காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்புவலி என்றால் டிங்கியாக இருக்கலாம். ஆஸ்பிரின் கொடுக்காமல் கிளினிக்கில் இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். "ஊருக்குப் போய் வந்தோம்" என்று டிரெசரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

நம் பாட்டிமார் சொன்ன நல்ல வைத்தியங்கள் எத்தனையோ உண்டு. ஆனால் பேதிக்குத் தண்ணீரை நிறுத்தும் பழக்கத்தை நம் தலைமுறையோடு விட்டுவிடுவோம். இந்தப் பக்கத்தைப் படித்த பிறகு, எழுத்துக் கூட்ட முடியாத பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். அடுத்த பயணத்தில் ஒரு பிள்ளைக்கு அது உதவும்.

போய் வாருங்கள், நலமாகத் திரும்புங்கள்!