காருக்கும் உண்டு அங்க அடையாளம்!

பள்ளி மாற்றுச் சான்றிதழைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் பெயர், பிறந்த தேதியோடு 'அங்க அடையாளங்கள்' என்றும் ஓர் இடம் இருக்கும். 'வலது முழங்கையில் ஒரு தழும்பு', 'இடது கன்னத்தில் ஒரு மச்சம்' என்று அதில் எழுதுவோம். ஆசிரியராக இருந்தபோது நான் நூற்றுக்கணக்கான சான்றிதழ்களில் இப்படி எழுதியிருக்கிறேன். 'இந்தத் தழும்பு எப்படி வந்தது?' என்று கேட்டால் போதும். மாமரத்திலிருந்து விழுந்த கதை, சைக்கிள் பழகிய கதை எல்லாம் வெளியே வரும்!

காருக்கும் இப்படி அங்க அடையாளம் உண்டு. அதை வைத்து ஒரு பழைய காரின் ரகசியத்தைக் கண்டுபிடித்த கதையைக் கேளுங்கள்.

பறந்த கார்

1968-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'புல்லிட்' என்ற திரைப்படம் வெளிவந்தது. ஸ்டீவ் மெக்வீன் போலீஸ் அதிகாரியாக நடித்தார். அதில் வரும் கார் துரத்தல் காட்சி உலகப் புகழ் பெற்றது. சான் பிரான்சிஸ்கோ நகரம் மேடும் பள்ளமுமானது. அங்கே தெருக்கள் மலைப்பாதை போல ஏறி இறங்கும். மேட்டின் உச்சியில் வேகமாக வரும் கார், நான்கு சக்கரமும் தரையை விட்டு எழும்பி, 'தொம்' என்று கீழே விழும்!

சாதாரணக் கார் இதைத் தாங்குமா? தாங்காது. எனவே மாக்ஸ் பால்சோவ்ஸ்கி என்ற பந்தயக் கார் நிபுணர், படத்துக்கு வாங்கிய ஃபோர்டு மஸ்டாங் கார்களை மாற்றி அமைத்தார். ஷாக் அப்சார்பர் பொருத்தும் இடங்களை மேலும் உறுதியாக்கினார்.

பச்சை நிறத்தில், ஒரே மாதிரி இரண்டு கார்கள். நாயகன் ஓட்டும் காட்சிகளுக்கு ஒன்று. தாவிக் குதிக்கும் சாகசக் காட்சிகளுக்கு இன்னொன்று. படப்பிடிப்பு முடிந்தபோது சாகசக் கார் பலமாக அடிபட்டிருந்தது. அது காயலான் கடைக்குப் போய்விட்டது, இனி கிடைக்காது என்றுதான் பலரும் நம்பினார்கள்.

மெக்சிகோவில் ஒரு பழைய கார்

ஏறக்குறைய அரை நூற்றாண்டு கடந்தது. மெக்சிகோ நாட்டின் பாஹா கலிபோர்னியா பகுதியில் ஒருவர் பழைய மஸ்டாங் ஒன்றை வாங்கினார். அதில் என்ஜின்கூட இல்லை. உடலில் வேறு வண்ணம் பூசியிருந்தது. வேறொரு சினிமாவில் வந்த மஸ்டாங்கைப் போல அதை மாற்றிவிடலாம் என்பது அவர் எண்ணம். அப்படி வெட்டி, ஒட்டி, புது வண்ணம் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பழைய அடையாளம் எல்லாம் அழிந்தே போயிருக்கும்!

நல்ல வேளை! வேலை தொடங்கும் முன் காரின் எண்ணை விசாரித்தார்கள். 8ஆர்02எஸ்125558 என்பது அந்த எண். இதற்குப் பொருள் உண்டு.

8 - 1968-ஆம் ஆண்டு மாடல்.
ஆர் - சான் ஹோசே தொழிற்சாலையில் செய்தது.
02 - கூரை பின்பக்கம் சரிந்து இறங்கும் வகை.
எஸ் - 390 கன அங்குல என்ஜின்.
125558 - அந்தக் காருக்கே உரிய வரிசை எண்.

நாயகன் ஓட்டிய காரின் வரிசை எண் என்ன தெரியுமா? 125559! இரண்டும் அடுத்தடுத்த எண்கள். அப்படியானால் இதுதான் காணாமல் போன சாகசக் காரா?

தழும்புகள் பேசின

எண் ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யலாமா? கூடாது. எண் என்பது பிறப்புச் சான்றிதழ் மாதிரி. கார் எங்கே, எப்போது பிறந்தது என்று அது சொல்லும். பிறகு அது எப்படி வாழ்ந்தது என்று சொல்லாது. ஆகவே ஃபோர்டு கார்களின் பழைய பதிவேடுகளை அறிந்த நிபுணர் ஒருவர் நேரில் வந்து காரை ஆராய்ந்தார்.

ஷாக் அப்சார்பர் பொருத்தும் இடங்கள் கூடுதலாக உறுதியாக்கப்பட்டிருந்தன. டிக்கியில் துளைகள் இருந்தன. படப்பிடிப்பின்போது ஜெனரேட்டர் வைப்பதற்காகப் போட்ட துளைகள் அவை. கடைக்குப் போய் வரும் காருக்கு இவை எதற்கு? எண்ணும் தழும்பும் ஒரே பதிலைச் சொல்லின. 2017-இல் இந்தச் செய்தி வெளியானபோது கார் பிரியர்கள் துள்ளிக் குதித்தார்கள்.

ஜோடிக் காரின் கதையும் சுவையானது. 1974-இல் ஒரு குடும்பம் அதை வாங்கியது. அந்த வீட்டு அம்மா ஓர் ஆசிரியை. அதே காரில்தான் பள்ளிக்குப் போய் வந்தார்! 1977-இல் ஸ்டீவ் மெக்வீனே கடிதம் எழுதிக் கேட்டும் அவர்கள் காரைத் தரவில்லை. 2020 ஜனவரியில் அது ஏலத்தில் சுமார் 37 லட்சம் டாலருக்குப் போனது. அப்போதைய மதிப்பில் 26 கோடி ரூபாய்க்கும் மேல்!

மெக்சிகோவில் கிடைத்த கார் தப்பியதற்கு ஒரே காரணம், வெட்டுவதற்கு முன்பு விசாரித்ததுதான். பழசு என்று எதையும் அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள் குழந்தைகளே. முதலில் அதில் உள்ள அடையாளங்களைப் படியுங்கள்.

நீங்களும் துப்பறியலாம்!

வீட்டில் பைக்கோ காரோ இருந்தால், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டியில் அந்த எண் எங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது என்று அப்பா அல்லது அம்மா துணையோடு தேடுங்கள். வண்டி ஓடி வந்த சூட்டில் என்ஜினைத் தொடக்கூடாது! பிறகு, வண்டியில் உள்ள கீறல், ஒட்டு, துளை ஒவ்வொன்றையும் காட்டி, 'இது எப்படி வந்தது?' என்று கேளுங்கள். கதை கிடைக்கும்!